அந்தச் சுவரை இப்போது பூச வேண்டாம், மகள்

அன்பு மகளுக்கு,

இன்று காலை கிடைத்த செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் படாத கற்கள் சோதனையில் தேறிவிட்டன. நீ வேலைத்தளத்தில் நின்றதால் உன் தொலைபேசி எடுபடவில்லை என்று, ஆய்வுகூடத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் எனக்கு அழைப்பெடுத்துச் சொன்னார். நசுக்கிப் பார்த்த கற்கள் எல்லாமே வீட்டுச் சுவருக்கு வேண்டிய பாரத்தைத் தாண்டித் தாங்கியிருக்கின்றன. கையெழுத்து வைத்த அறிக்கை பின்னால் வரும். நான் அவரைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் ஊற்றப்பட்ட கற்கள் என்னவாயின என்று கேட்டேன். அவை இன்னும் இயந்திரத்துக்குப் போகவில்லையாம். ஆகவே இன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ செய்த கல் நல்ல கல். உன் அறைச் சுவருக்குள் இருப்பது அந்தக் கல்தானா என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதச் சொன்னது நீதான். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் என்னை மறித்து, “சாம்பல் கல்லு எப்பிடிப் போகுது, நிக்குமா?” என்று கேட்கிறார்கள். சிலர் வீட்டு வளவுக்கே வந்து கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் செய்து தரச் சொல்கிறார்கள். யுத்தம் முடிந்து இது மூன்றாம் வருடம். வாவியின் இரு கரையிலும் சனம் மறுபடி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறது. சீமெந்து விலையைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் சாம்பலில் வீடு என்றால் ஆசை வரத்தான் செய்யும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதுங்கள் அப்பா என்றாய். செய்தி எழுதியே வயதான எனக்கு அது புதிய வேலை இல்லை. ஆனால் செய்தியில் என் பயத்தை நான் ஒருநாளும் எழுதியதில்லை. இதில் அதை எழுதாமல் விட்டால் பாதிதான் எழுதியவனாவேன்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எல்லோருக்கும் கடலுக்குப் பயம் வந்தது. எனக்குச் சுவருக்குப் பயம் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளி விடுமுறைக்கு நீ உன் சின்னம்மாவின் வீட்டில் நின்றாய். அது உன் அம்மாவின் தங்கைக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு, கடற்கரைப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அவசரமாகக் கட்டி முடித்த வீடு என்றாலும் பூச்சு அவ்வளவு நேர்த்தி. மஞ்சள் வண்ணம் அடித்து, யன்னலைச் சுற்றிப் பூ வேலை செய்து, வந்தவர்கள் எல்லாம் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். தண்ணீர் வந்தபோது சின்னம்மா உன்னைக் கிணற்றடித் தொட்டியின் கொங்கிறீட் மேடையில் ஏற்றிவிட்டாள். தான் ஏற முன்னர் வீட்டுச் சுவர் சாய்ந்தது. நீ மேலே இருந்தாய். என்ன பார்த்தாய் என்று நான் கேட்டதில்லை; நீயும் சொன்னதில்லை.

நான் அன்று பட்டணத்தில் நின்றேன். வாகனம் போகாத இடங்களில் நடந்தும், உடைந்த மதகுகளில் ஆட்களின் கையைப் பிடித்தும் வந்து சேர்ந்தேன். உன்னை யாரோ ஒரு வீட்டுக்காரர் சேலையால் போர்த்தி வைத்திருந்தார்கள். சின்னம்மாவின் உடலைத் தூக்கிய பிறகு, ஏன் செய்தேன் என்று தெரியாது, விழுந்த சுவரின் ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். பூச்சு ஓடு மாதிரிக் கழன்றது. உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த சாந்தை விரலால் நெரித்தேன். அது மணலாக உதிர்ந்தது. கடல் மணலும் பேருக்குச் சீமெந்தும். அந்தத் தண்ணீருக்கு நல்ல சுவரும் நின்றிருக்காது என்று பிறகு பலர் சொன்னார்கள். உண்மையாக இருக்கலாம். பக்கத்து வளவில் ஒரு சுவர் நின்றது என்பதும் உண்மை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை சட்டைப் பையில் பூட்டுத் திறப்பைத் தேடும். யாரும் பார்க்காத மூலையில் சுவரைச் சுரண்டிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் இப்படி ஒருமுறை அகப்பட்டு, “இஞ்ச பாருங்க, பந்தியில சோறு ஆறுது, இந்த மனிசன் மதிலுக்கு வைத்தியம் பாக்குது” என்று உன் அம்மா சபையில் வைத்துச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுரண்டுவதை விடவில்லை.

புதிய பொருளுக்கு நான் பயந்ததற்கு வேறு காரணமும் உண்டு. சுனாமிக்குப் பின்னான மாதங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமான வீடுகளைக் கொண்டுவந்தார்கள். நல்லவையும் இருந்தன. ஓரிடத்தில் அழுத்திய பலகைகளால் ஒரே நாளில் எழுப்பிய வீடுகளைப் பார்க்கப் போயிருந்தேன். மழையும் வெயிலும் இதைத் தொடாது என்று கொண்டுவந்தவர்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். முதல் மாரியில் அந்தப் பலகைகள் தேநீரில் ஊறிய பாண் துண்டு மாதிரி வீங்கின. கொண்டுவந்தவர்கள் அதற்குள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்த ஒரு தாய் என்னிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. “எங்களில வச்சுச் சோதிச்சுப் பாத்துட்டுப் போயிட்டாங்க” என்றாள். பிறகு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது, மறுபடி கூடாரம். அந்தக் காலத்தில் ஒரு பை சீமெந்து அக்கரைக்குப் போவதென்றாலும் அனுமதி வேண்டும். வீடு கட்டும் பொருள் எல்லாமே சந்தேகப் பொருளாக இருந்த ஊர் இது.

இவ்வளவும் எனக்குள் கிடக்கும்போதுதான், கல்யாணம் பேசி முடிந்த கிழமையில், சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ, உன் வீட்டை நீயே கட்டப்போவதாகவும் சீமெந்து இல்லாமல் கட்டப்போவதாகவும் சொன்னாய். அதன் பெயர் ஜியோபொலிமர் என்றாய். உன் அம்மா ஏதோ மருந்து என்று நினைத்தாள். நாட்டின் மேற்குக் கடற்கரையில் நிலக்கரி எரிக்கும் மின் நிலையத்தின் சாம்பலும், எங்கள் ஆலைகளில் நெல் குற்றிக் குவிகிற உமியைச் சுட்ட சாம்பலும், காஸ்டிக் சோடாக் கரைசலும் சேர்ந்தால் சீமெந்து மாதிரியே இறுகும் என்று விளக்கினாய். நான் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் கேட்டேன். வேறு நாடுகளில் கட்டியிருக்கிறார்களா? கட்டியிருக்கிறார்கள். இந்த உப்புக் காற்றில்? இங்கே இல்லை. எங்கள் மாரியில்? இங்கே இல்லை. அப்படியானால் எங்களில் வைத்துத்தான் பார்க்கப் போகிறாய் என்றேன். நீ சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாய்: “ஓம் அப்பா. ஆனா வேற ஆக்கள்ல இல்ல. என்ட வீடு, என்ட தலைக்கு மேல.”

நீ அதைத் தைரியம் தரும் பதிலாகச் சொன்னாய். எனக்கு அன்றிலிருந்து நித்திரை குறைந்தது. இந்த மண்ணில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். தாய் தகப்பன் கட்டிக் கொடுப்பார்கள், மகள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதுவார்கள், அவளுக்குப் பிறகு அவள் மகளுக்குப் போகும். அதனால்தான் சுனாமி வீடுகளைக் கணவன்மார் பெயரில் எழுதிக் கொடுத்தபோது பெண்கள் வாயடைத்து நின்றதை நான் எழுதினேன். நல்ல வழக்கம் என்று இப்போதும் சொல்வேன். அதற்குள் ஒரு கொடுமையும் இருக்கிறது: இங்கே ஒரு சுவர் பிழையாகிப்போனால் அது ஒரு மகளின் சுவர். அதைக் கட்டியவர் அவளைப் பெற்றவர்.

சாம்பல் என்ற சொல்லே சிலருக்கு ஆகவில்லை. செங்கலடியிலிருந்து உன் மாமியார் ஆகப்போகிறவர் வந்தபோது வளவில் குவிந்திருந்த சாம்பல் மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கையில் எடுக்கவில்லை. “ஊரில சாம்பல் அள்ளுறது எதுக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். இந்த வீட்டுக்கா என்ட புள்ளையக் குடியேத்தப் போறீங்க?” என்று உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். உன் அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அப்போது கூட வந்திருந்த மாப்பிள்ளைதான், “அம்மா, நெத்தியில பூசுறதும் சாம்பல்தானே. நாம பூசலாம், வீடு பூசினா மட்டும் கோவமா?” என்றார். அவர் தாய் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரை எடுத்தார். அன்று எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது. இருந்தாலும் அந்த அம்மாவின் பயமும் என் பயமும் ஒரே சாதிதான் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காஸ்டிக் சோடாப் பீப்பாக்கள் வந்த நாளை நான் மறக்கவில்லை. யுத்தம் முடிந்தாலும் வீதியில் சோதனைச் சாவடிகள் எல்லாம் எழும்பிப் போய்விடவில்லை. மேற்கிலிருந்து வந்த லொறியை ஓரிடத்தில் நிறுத்திப் பீப்பாவில் இருந்த எச்சரிக்கைப் படத்தைப் பார்த்து எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டார்கள். மறுநாள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. இதைவிடச் சின்னக் காரணத்துக்காக வாகனத்தில் ஏற்றப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். அவர்களில் சிலரின் தாய்மாரோடு முகாம் வாசல்களில் நின்றிருக்கிறேன். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இது வெடிக்குமா என்று அவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். நான் இல்லை, இல்லை என்று அவசரப்பட்டேன். நீ குறுக்கிட்டு, வெடிக்காது, ஆனால் கண்ணில் பட்டால் கண் போகும், கையில் பட்டால் தோல் போகும் என்று அவர்களின் மொழியிலேயே நிதானமாகச் சொன்னாய். கையுறையையும் கண்ணாடியையும் கொண்டுவந்து காட்டினாய். சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது என்று ஒரு வாளியில் கரைத்துக் காட்டினாய். அடுப்பே இல்லாமல் வாளி சுட்டதை அவர்கள் குனிந்து பார்த்தார்கள். போகும்போது ஒருவர், தன் ஊரில் கிணறு இடிந்து கிடக்கிறது, இந்தக் கல்லால் கிணறு கட்டலாமா என்று கேட்டார். அதற்கு நீ இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்றாய். ஆம் என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம் என்று நான் பின்னால் முணுமுணுத்தேன். நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய்.

நீ ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடித்தாய் என்பது, கல்குடாப் பக்கம் நாங்கள் போன அன்றுதான் எனக்கு ஓரளவு விளங்கியது. நான் இளம் நிருபராக இருந்தபோது அங்கே சூளைகளில் பவளப் பாறையான முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதை உன்னிடம் ஒரு பழைய காட்சியாகச் சொன்னேன். கடலுக்குள் இருந்த மதிலை எரித்து நாங்கள் கரையில் மதில் கட்டியிருக்கிறோம் அப்பா என்றாய். சீமெந்து என்பதும் சுண்ணாம்புக் கல்லைப் பெருந்தீயில் சுடுவதுதான், அந்தக் கல்லுக்குள் அடைந்திருக்கும் கரியமில வாயுவும் எரிக்கிற எண்ணெயின் புகையும் சேர்ந்து வானத்துக்குப் போகின்றன, கடல் ஏறுவதற்கு அதிலும் ஒரு பங்கு உண்டு என்றாய். உன்னுடைய கல்லுக்கு அந்தச் சூளை தேவையில்லை. யாரோ எரித்து முடித்துக் கொட்டிய சாம்பல் போதும். இதை நான் ஒரு வரியில் புகழ்ந்து எழுதப்போனபோது நீயே தடுத்தாய். காஸ்டிக் சோடா செய்யவும் மின்சாரம் வேண்டும், சாம்பலை லொறியில் நாட்டைக் குறுக்கே வெட்டிக் கொண்டுவரவும் எண்ணெய் எரிகிறது, குற்றமே இல்லாத கல் என்று எழுதாதீர்கள் என்றாய். எழுதவில்லை.

கல் போட்ட நாட்கள் நல்ல நாட்கள். உமிச் சாம்பலைக் கரைசலில் காய்ச்சிக் கூழாக்கினாய். தங்கராசா மேசன், இந்தக் கரையில் பாதி வீடுகளைக் கட்டிய மனிதன், முதலில் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் பிறகு தானே அச்சை இழுத்து அடித்தான். “தங்கச்சி, உன்ட கலவை பாகு மாதிரி ஒட்டுது. இதில கல்லுச் செய்யிறதா, தொதல் கிண்டுறதா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். போட்ட கற்களை நீ கறுப்புப் பொலித்தீனால் மூடி வெயிலில் விட்டாய். இந்த ஊரின் வெக்கைதான் எனக்கு இலவசச் சூளை என்றாய். பிறகு கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனாய்: மூடினதைத் திறக்க வேண்டாம், தண்ணீர் படக் கூடாது.

அதன் பிறகு இங்கே நடந்த தவறை வெளியூர்க்காரர் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இந்தக் கரையில் சீமெந்து வேலை முடிந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். கல் போட்டால், தூண் நிறுத்தினால், சாக்கைச் சுற்றித் தண்ணீர் காட்டுவது வீட்டுக்காரியின் வேலை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி நேரம் தவறாமல் செய்வார்கள். தண்ணீர் காட்டாமல் விட்ட வீட்டுக்காரியைச் சோம்பேறி என்று ஊர் பேசும். உன் அம்மா பொலித்தீனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கல் சூடாக இருக்கிறது, ஓரம் உலர்கிறது என்று கவலைப்பட்டாள். தங்கராசா சொன்னான்: “புள்ள படிச்ச புள்ள, சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எண்டாலும் அக்கா, தண்ணி காட்டாத கல்ல நான் இந்தக் கையால கட்டினதில்ல.” உன் அம்மாவுக்கு அது போதும். அன்று மாலை குழாயை இழுத்து ஒரு பக்கத்து அடுக்கு முழுவதையும் நனைத்தாள். மறுநாளும் நனைத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஈரமான கல்லைப் பார்த்தபோது எனக்கு மனதில் ஒரு ஆறுதல் வந்தது என்பதும் உண்மை. பயந்தவனுக்குப் பழகிய செயல் எதுவும் பாதுகாப்பாகத் தெரிகிறது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் வேண்டியிருக்காது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அறையாவது எழும்பி நிற்க வேண்டும் என்ற அவசரத்தில், நீ வரும்போது சந்தோஷப்படுவாய் என்று நினைத்து, தங்கராசா இரண்டு அடுக்குகளிலிருந்தும் கற்களை எடுத்து வாவிப் பக்கத்துச் சுவரை யன்னல் மட்டம் வரைக்கும் கட்டிவிட்டான். உன் அறையின் சுவர். பிறகுதான் அடுக்கில் மிஞ்சிய கற்களில் வெள்ளை பூத்தது. வாவிக் கரை வளவுகளில் கோடையில் நிலத்தில் உப்புப் பூக்குமே, அதே மாதிரி. உன் அம்மா விளக்குமாற்றால் தட்டினாள். மறுநாள் மறுபடி பூத்தது. சுவரிலும் அங்குமிங்குமாகப் பூத்தது.

நீ வந்த அன்று பையைக்கூட இறக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து நகத்தால் கீறினாய். கீறலைப் பார்த்துக்கொண்டே மணலில் இருந்துவிட்டாய். தங்கராசா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர்தான் சீமெந்துக்கு உயிர், இதற்கு அந்தச் சோடாக் காரம்தான் உயிர், கல் இறுக முன்னர் தண்ணீர் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நீ மெல்லச் சொன்னாய். யாரையும் ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உன் அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்திருந்தும்.

“அப்ப உன்ட வீட்டை நான்தான் கழுவி விட்டுட்டனா மகள்?” என்று கேட்டாள்.

“தெரியா அம்மா. சோதிச்சுப் பாப்பம்.”

“தெரியாட்டி இடிச்சிட்டுக் கட்டுவமே, புள்ள. நானே இடிக்கிறன்.”

“தெரியாம இடிக்கிறதும் தெரியாமக் கட்டுறதும் ஒண்டுதான். கொஞ்சம் பொறுங்க” என்றாய்.

நீ நனைந்த கற்களுக்குச் சிவப்பு மையால் குறி வைத்தாய். இரு வகையிலும் மாதிரி எடுத்து அனுப்பினாய். சுவரிலிருந்தும் வட்டமாக ஒரு துண்டைத் துளைத்து எடுத்து, அதையும் வாவித் தண்ணீரில் ஊறப்போட்டுச் சோதிக்கச் சில கற்களையும் சேர்த்து அனுப்பினாய். சுவருக்குள் எந்தக் கல் நனைந்தது, எந்தக் கல் நனையாதது என்று தங்கராசாவைக் கேட்டாய். அவன் சுவரை வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்தான். பிறகு, “எல்லாம் ஒரே நிறமாத்தானே தங்கச்சி இருந்துது” என்றான். அன்று இரவு பயணம் என்று நீ கொழும்புக்குத் திரும்பிவிட்டாய்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு இன்னும் தெரியாது. முந்தநாள் உன் அம்மா தங்கராசாவைக் கூப்பிட்டு அந்தச் சுவரைப் பூசிவிடச் சொன்னாள். கல்யாணச் சேலை எடுக்கச் செங்கலடியிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள். வெள்ளை பூத்துக் கிடக்கும் சுவரை உன் மாமியார் பார்த்தால் சாம்பலையும் சொல்வார், உப்பையும் சொல்வார். ஒரு பூச்சுப் பூசி வண்ணமும் அடித்துவிட்டால் சோதனை முடிவு வரும்போது வரட்டும் என்பது உன் அம்மாவின் எண்ணம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். தான் செய்ததைத் தினமும் வாசலில் நின்று பார்ப்பது அவளுக்குக் கஷ்டம். தங்கராசா சாந்தைக் குழைத்துவிட்டான். நான் வளவுக்கு வந்தபோது கரண்டி அவன் கையில் இருந்தது.

நான் அதை அவன் கையிலிருந்து வாங்கினேன். இவ்வளவு காலப் பழக்கத்தில் நான் அவனுடைய கருவி எதையும் தொட்டதில்லை. “என்னண்ணன்?” என்றான். மஞ்சள் வண்ணமும் யன்னலைச் சுற்றிய பூ வேலையும் கண் முன்னால் வந்து நின்றன. அந்த வீட்டையும் அவசரமாகப் பூசியதால்தான் யாரும் உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்துப் பூசாத சுவரைச் சுரண்டினேன். உன் அம்மா அதைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது, அந்த மஞ்சள் வீடு அவளுடைய தங்கையின் வீடு. குழைத்த சாந்தை வேலி ஓரத்தில் கொட்டினாள்.

ஆகவே மகள், நான் உனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். முடிவு வரும்வரை அந்தச் சுவரைப் பூச விடாதே. நானே கேட்டாலும் விடாதே. எனக்கு வயது போகிறது. ஆறுதல் தரும் எந்தப் பொய்யையும் நம்பிவிடுகிற நாட்கள் எனக்கு இப்போது அடிக்கடி வருகின்றன. மழை வரும் என்று சொல்வேன், ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்வேன், ஊர் சிரிக்கிறது என்று சொல்வேன். நீ “தெரியா” என்றே சொல்லிக்கொண்டிரு. உன் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயம் கூடுகிறது. ஆனால் உன்னை நம்புவதும் கூடுகிறது. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களும் உன்னிடம் இது நிற்குமா என்று எதையாவது கொண்டுவந்து காட்டினால், அவர்களைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தலையாட்டாதே. கல்யாணத்திலும் அப்படித்தான். நல்ல பையன் என்று நான் நினைக்கிறேன். உனக்கும் அவருக்கும் இடையில் ஏதாவது வெள்ளை பூத்தால் அதன்மேல் வண்ணம் அடிக்காமல் இருவரும் கொஞ்ச நாள் அதைப் பார்த்துக்கொண்டே வாழப் பழகுங்கள்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நேற்றுச் செங்கலடிக்குப் போய் மாப்பிள்ளையின் தாயிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன். சுவர் பிழையென்று தெரிந்தால் அதை இடித்துக் கட்டுவோம், அப்படியானால் வைகாசியில் வைத்த கல்யாணம் ஆவணிக்குப் போக வேண்டியிருக்கும் என்றேன். அந்த அம்மா கதிரையை விட்டு எழும்பினார். பிறகு, தன்னுடைய வீடும் சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டித் தந்த வீடுதான், அதன் கூரைத் தளத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது, அதற்குக் கீழே இருக்கும் அறையில் தான் யாரையும் படுக்க விடுவதில்லை என்று சொன்னார். என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கல்யாணத்தைத் தள்ளுவது பற்றித் தன் தமையனோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நிலுவையில் இருப்பவை இவை. நனைந்த கற்களும் சுவரில் துளைத்த துண்டும் வருகிற வியாழக்கிழமை இயந்திரத்துக்குப் போகும். அன்று பின்னேரமே எனக்கு வாய்மொழியாகச் சொல்வதாக அந்த உத்தியோகத்தர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வாவித் தண்ணீரில் ஊறும் கற்களின் முடிவு மாரி தொடங்க முன்னர் வராது. செங்கலடியிலிருந்து பதில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பிறகு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அதுவரை அந்தச் சுவருக்குக் கிட்ட யாரும் நிற்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினாள். நான் இதை வாசல் மாமரத்தின் கீழே இருந்து எழுதுகிறேன். இன்னும் கூரையில்லாத உன் அறைக்குள் அவள் சுவரோடு சாய்ந்து நின்று, அது அசைகிறதா என்று தன் முதுகால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டேன். வரவில்லை.

அப்பா